அத்தியாயம் 7: பட்டணம் பட்டணமாகப் பவுலோடு

வேதாகமத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் வரைபடத்தில் பவுலின் மிஷனெரிப் பயணங்கள் மூன்று கோடுகளாக வளைந்து ஓடும். ஓய்வுநாள் பள்ளியில் அந்தக் கோடுகளைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்குப் பவுல் என்றால் நிற்க நேரமில்லாமல் ஊர் ஊராக ஓடியவர் என்றுதான் மனதில் பதிந்திருக்கும். அப்போஸ்தலர் நடபடிகளை நிதானமாக வாசித்தால் வேறொரு பவுல் கண்ணில் படுவார். கொரிந்துவில் ஒன்றரை வருஷம் தங்கியிருந்து கூடாரம் செய்தவர் அவர். எபேசு மூப்பர்களிடம் மூன்று வருஷம் உங்களோடு இருந்தேன் என்று சொல்ல முடிந்தவர். தம்மைக் கல்லெறிந்து, செத்துப்போனார் என்று ஊருக்கு வெளியே இழுத்துப் போட்ட லீஸ்திராவுக்கே மறுபடியும் நடந்துபோனவர்.

வரைபடத்தின் கோடு போன வழியை மட்டும் காட்டும். எங்கே எவ்வளவு காலம் தங்கினார், எங்கே எதற்காகத் திரும்பினார் என்பதை அது காட்டாது. எனக்கோ இந்தப் பயணங்களின் உயிரே அந்த இரண்டில்தான் இருப்பதாகப் படுகிறது. அதைக் கண்டுகொள்ளும்படி ஆறு வாரம் தினமும் எப்படி வாசிப்பது என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

அதிகாரக் கணக்கு வேண்டாம்

நம் வீடுகளில் வேதவாசிப்பு பெரும்பாலும் அதிகாரக் கணக்கில்தான் நடக்கிறது. நாளுக்கு ஓர் அதிகாரம், முடிந்தவர்கள் காலையில் ஒன்று, இரவு குடும்ப ஜெபத்தில் ஒன்று. சங்கீதத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். நடபடிகளின் பயணப் பகுதிக்குப் பொருந்தாது. அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. நடபடிகளின் ஆசிரியரான லூக்கா அவற்றை நினைத்து எழுதவில்லை. 14ஆம் அதிகாரத்தை ஒரே அமர்வில் படித்தால் இக்கோனியா, லீஸ்திரா, தெர்பை, திரும்பிவந்த வழி எல்லாம் ஐந்து நிமிஷத்தில் கடந்துபோகும். கல்லெறியுண்ட மனிதர் அடுத்த பத்தியிலேயே வேறு ஊரில் பிரசங்கம் செய்துகொண்டிருப்பார். நமக்கும் ஒன்றும் உறைக்காது.

18ஆம் அதிகாரத்தில் சிக்கல் இன்னும் அதிகம். கொரிந்துவில் தொடங்கும் அந்த அதிகாரத்துக்குள்ளேயே நாம் இரண்டாம் பயணம் என்று சொல்வது முடிந்து, மூன்றாம் பயணமும் தொடங்கிவிடுகிறது. அதுவும் 22, 23 ஆகிய இரண்டே வசனங்களில். முதல், இரண்டாம், மூன்றாம் என்ற எண்களை லூக்கா எங்கும் போடவில்லை. பிற்காலத்தில் படிப்பவர்கள் வசதிக்காக வைத்துக்கொண்டவை அவை. வசதிதான், வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதிலேயே கண் வைத்தால் ஊர்கள் மறைந்துபோகும்.

ஆகவே ஊர்க் கணக்கில் வாசியுங்கள். பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு பட்டணம். பெரிய பட்டணத்துக்கு இரண்டு மூன்று நாள். துரோவாவுக்கு வந்து சேர்ந்த பகுதி ஐந்து வசனம்தான் (16:6–10). அன்றைக்கு அந்த ஐந்து வசனமே போதும். மீதி நேரத்தில் வரைபடத்தை எடுத்து, அந்த ஐந்து வசனத்துக்குள் எவ்வளவு தூரம் அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். சின்ன ஆசியாவின் உட்பகுதியிலிருந்து ஏகேயக் கடற்கரைவரை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். ஆசியாவில் வசனத்தைச் சொல்ல ஆவியானவர் தடுத்தார். பித்தினியாவுக்குப் போகவும் விடவில்லை. எங்கே போகிறோம் என்பது தெளியாமலே இத்தனை தூரம் நடந்திருக்கிறார்கள். வேகமாக வாசிப்பவருக்கு அது ஒரு வாக்கியம். நடந்தவர்களுக்கோ பல நாள்.

நோட்டுப் புத்தகமும் நான்கு கேள்விகளும்

இதற்கு வேண்டியவை அதிகமில்லை. வேதாகமம், ஒரு வரைபடம், கோடு போட்ட ஒரு நோட்டு. விளக்கவுரை நூல்களை முதல் வாசிப்பில் திறக்க வேண்டாம் என்பது என் கருத்து. பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தை வாசிப்பவர்கள் திருத்தூதர் பணிகள் என்ற தலைப்பில் இதே நூலைக் காண்பார்கள். ஊர்ப்பெயர்களின் எழுத்து சற்று வேறுபடும், வசன எண்கள் உதவும்.

நோட்டில் ஒவ்வொரு பட்டணத்துக்கும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். மேல் பாதியில் மட்டும் எழுதுங்கள். கீழ்ப் பாதி வெறுமையாக இருக்கட்டும். அந்த ஊர் பின்னால் திரும்ப வரும், நிருபத்தில் வரும், யாரோ ஒருவருடைய சொந்த ஊராக வரும். வந்தவுடன் அந்தப் பக்கத்துக்குப் போய் எழுத இடம் வேண்டும்.

ஒவ்வொரு ஊரிலும் நான்கு கேள்விகள் கேளுங்கள். இங்கே யாருடைய வீட்டில் தங்கினார்? முதலில் யாரிடம் பேசினார்? ஏன் புறப்பட்டார்? மறுபடியும் வந்தாரா, அல்லது யாரையாவது விட்டுவைத்தாரா, அனுப்பினாரா?

முதல் கேள்விக்கு எல்லா ஊரிலும் பதில் கிடைக்காது. கிடைக்கும் இடங்களில் பெயரோடு கிடைக்கும். பிலிப்பியில் லீதியாள் வீடு, தெசலோனிக்கேயில் யாசோன் வீடு, கொரிந்துவில் ஆக்கில்லா பிரிஸ்கில்லாள் வீடு, செசரியாவில் பிலிப்பு வீடு, எருசலேமில் சீப்புருதீவைச் சேர்ந்த மினாசோன் வீடு. சுவிசேஷம் போன வழி என்று நாம் சொல்வது நடைமுறையில் இந்த வாசற்படிகள்தான்.

மூன்றாம் கேள்வி கவனிக்க வேண்டியது. பெரும்பாலும் எதிர்ப்பினால்தான் புறப்படுகிறார். ஆனால் எதிர்ப்பு எல்லா ஊரிலும் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதில்லை. பிலிப்பியில் குறிசொல்லும் அடிமைப் பெண்ணின் எஜமான்களுக்கு வருமானம் போய்விடுகிறது. எபேசுவில் தெமேத்திரியு என்ற தட்டான், வெள்ளிக் கோவில்களைச் செய்து விற்கும் தொழிலாளரைக் கூட்டி, நம் பிழைப்பு போகப்போகிறது என்று பேசித்தான் ஊரையே கிளப்புகிறான். ஜனங்கள் பாய்ந்துபோய்க் கூடிய, ஏறத்தாழ 25,000 பேர் உட்காரக்கூடிய அரங்கசாலையின் இடிபாடு இன்றும் துருக்கியில் செல்சுக் நகரத்துக்கு அருகே நிற்கிறது. படம் கிடைத்தால் பார்த்துவிட்டு 19ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். இந்த இரண்டு ஊரிலும் கலகத்தின் அடியில் இருந்தது பணம்.

நான்காம் கேள்விதான் முக்கியம். அதற்காகத்தான் மற்ற மூன்றும்.

13இல் தொடங்காதீர்கள், 11:19இல் தொடங்குங்கள்

பயணம் 13ஆம் அதிகாரத்தில் புறப்படுவது உண்மை. ஆனால் அனுப்பிய சபை எப்படி உண்டாயிற்று என்பது 11:19 முதல் இருக்கிறது. ஸ்தேவானின் மரணத்துக்குப் பின் வந்த உபத்திரவத்தில் சிதறிப்போனவர்களில் சீப்புருவையும் சிரேனேயையும் சேர்ந்த சிலர் அந்தியோகியாவில் கிரேக்கரோடும் பேசினார்கள். அவர்கள் பெயர் எங்கும் இல்லை. அந்தச் சபையைப் பார்க்க எருசலேமிலிருந்து வந்த பர்னபா, தர்சுவுக்குப் போய், பவுல் எனப்பட்ட சவுலைத் தேடிக் கூட்டிவந்தார். இருவரும் ஒரு வருஷம் முழுவதும் அங்கே உபதேசித்தார்கள். ஆக, புறப்படும் முன்பே ஒரு தங்கல் இருக்கிறது.

13:1இல் வரும் ஐந்து பெயர்களைச் சத்தமாக வாசியுங்கள். சீப்புருவைச் சேர்ந்த லேவியனான பர்னபா, நீகர் எனப்பட்ட சிமியோன், வடஆப்பிரிக்கச் சிரேனேயின் லூகி, ஏரோதோடு வளர்க்கப்பட்ட மனாயீன், தர்சுவின் சவுல். இப்படிப் பல திசையிலிருந்து வந்தவர்கள் ஒன்றாய் உட்கார்ந்த சபைதான் தன் தலைவர்களில் இருவரை வெளியே அனுப்பியது. அந்த அந்தியோகியாதான் இன்றைய துருக்கியின் அந்தாக்கியா. 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் பெரிதும் சிதைந்துபோன ஊர்.

இன்னொரு எச்சரிக்கை. நடபடிகளில் இரண்டு அந்தியோகியா உண்டு. அனுப்பியது சிரியாவின் அந்தியோகியா. 13:14இல் வருவது பிசீதியாவின் அந்தியோகியா, இன்றைய யால்வாச் ஊருக்குப் பக்கத்தில். நோட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் போடாவிட்டால் முதல் வாரமே குழம்பிப்போகும்.

முதல் பயணம்: தெர்பையில் திரும்பிய வழி

இந்தப் பயணம் ஏறத்தாழ கி.பி. 46 முதல் 48 வரை என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். சீப்புருவைச் சீக்கிரம் கடந்துவிடலாம். பாப்போவில் செர்கியுபவுல் என்ற அதிபதி விசுவாசித்ததை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பப் பெயர் பொறித்த கல்வெட்டு பிசீதியாவின் அந்தியோகியாவில் கிடைத்திருக்கிறது. அடுத்து அந்த மலைநாட்டு ஊருக்கு ஏன் போனார்கள் என்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று சில ஆராய்ச்சியாளர்கள் ஊகிக்கிறார்கள். ஊகம் என்றே எழுதிவையுங்கள்.

பெயர் வரிசையையும் கவனியுங்கள். புறப்படும்போது பர்னபாவும் சவுலும். பாப்போ தாண்டியதும் பெரும்பாலும் பவுலும் பர்னபாவும். லூக்கா இதற்கு விளக்கம் எதுவும் சொல்வதில்லை. பர்னபா முணுமுணுத்ததாகவும் எங்கும் இல்லை. தேடிக் கூட்டிவந்தவரே பின்னால் நிற்க ஒப்புக்கொண்டார் என்பது எனக்கு இந்தப் பகுதியின் பெரிய செய்திகளில் ஒன்று.

பெர்கேயில் யோவான் மாற்கு திரும்பிப் போய்விடுகிறான். அங்கிருந்து மேலே தோருஸ் மலைத்தொடர். பிசீதியாவின் அந்தியோகியா கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல். அங்கே ஜெப ஆலயத்தில் பவுல் செய்த பிரசங்கத்தை (13:16–41) ஒரு நாள் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ லீஸ்திராவில் அவர் பேசிய மூன்று வசனங்களை (14:15–17) அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் எகிப்து, நியாயாதிபதிகள், தாவீது, தீர்க்கதரிசிகள். இரண்டாவதில் அதெல்லாம் ஒன்றுமில்லை. மழை, விளைச்சல் காலம், சாப்பாடு, மனமகிழ்ச்சி. வேதத்தை அறியாத லிக்கவோனியாப் பாமரரிடம் வானத்திலிருந்து பெய்யும் மழையை வைத்துக் கடவுளைச் சொல்லுகிறார். மூன்றாம் வாரத்துக்குப் பின் அத்தேனேயை வாசிக்கும்போது, அறியப்படாத தேவனுக்கு இருந்த பலிபீடத்திலிருந்தும் அவர்களுடைய சொந்தப் புலவர்களின் வாக்கிலிருந்தும் தொடங்குவார். மூன்று பேச்சையும் நோட்டில் ஒரே பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள். பிரசங்கிக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

லீஸ்திராவில் நடந்தது பலருக்குத் தெரியும். சப்பாணியாயிருந்தவன் நடந்தான், ஜனங்கள் தேவர்களே இறங்கிவந்தார்கள் என்று பர்னபாவை யூப்பித்தர் என்றும், பேச்சை நடத்தியதால் பவுலை மெர்க்கூரி என்றும் அழைத்து, எருதும் மாலையும் கொண்டுவந்தார்கள். யூப்பித்தரும் மெர்க்கூரியும் மனித வேஷத்தில் வீடு வீடாக வந்தார்கள் என்ற கதை அதை அடுத்த பிரிகியா நாட்டில் நடந்ததாக ரோமக் கவிஞர் ஓவித் எழுதியிருக்கிறார் என்பதை அறிந்தால், அந்த ஜனங்களின் பரபரப்பு புரியும். பிறகு அந்தியோகியாவிலிருந்தும் இக்கோனியாவிலிருந்தும் வந்தவர்கள் அதே ஜனங்களைத் திருப்பிவிட, மாலை கொண்டுவந்த ஊரே கல்லை எடுத்தது.

இனி வரும் மூன்று வசனங்களில் சற்று நின்று வாசியுங்கள்: 14:20–22. சீஷர்கள் சூழ்ந்து நிற்கையில் எழுந்து ஊருக்குள் போகிறார். மறுநாள் தெர்பைக்கு. அங்கே அநேகரைச் சீஷராக்குகிறார்கள். இப்போது வரைபடத்தைப் பாருங்கள். தெர்பையிலிருந்து கிழக்கே போனால் சிலிசிய வாசல் எனப்படும் கணவாய். அதைத் தாண்டினால் பவுலின் சொந்த ஊரான தர்சு. தர்சுவிலிருந்து சுற்றி வந்தால் அனுப்பிய அந்தியோகியா. வீட்டுக்குப் போகும் வழி அது. காயம் ஆறாத ஒருவருக்கு அந்த வழியில் போக எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் அவர்கள் திரும்பினார்கள்: கல்லெறிந்த லீஸ்திராவுக்கு, கல்லெறியத் திட்டமிட்ட இக்கோனியாவுக்கு, எல்லைக்கு வெளியே துரத்திவிட்ட அந்தியோகியாவுக்கு. சீஷர்களுடைய மனதைத் திடப்படுத்தி, சபைதோறும் மூப்பர்களை ஏற்படுத்தி, உபவாசித்து ஜெபித்து, அவர்களைக் கர்த்தரிடம் ஒப்புவித்துவிட்டுத்தான் அத்தாலியாவில் கப்பல் ஏறினார்கள்.

லீஸ்திராவின் பக்கத்தில் கீழ்ப் பாதியை இப்போது தொடவேண்டாம். 16:1 வரும்போது தொடுங்கள். அந்த ஊரில் தீமோத்தேயு என்றொரு வாலிபன் இருந்தான். பிறகு 2 தீமோத்தேயு 1:5ஐ வாசித்து, பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் என்று எழுதுங்கள். 3:11ஐயும் வாசியுங்கள்: அந்தியோகியா, இக்கோனியா, லீஸ்திரா ஆகிய ஊர்களில் தமக்கு நேர்ந்தவற்றை நீ அறிவாய் என்று பவுல் அவனுக்கே எழுதுகிறார். கல்லெறிந்த ஊரிலிருந்துதான் அவர் மகன் என்று அழைத்தவன் கிடைத்தான். திரும்பிப் போகாமல் இருந்திருந்தால்?

நிருபத்தை எங்கே திறப்பது

நடபடிகளை மட்டும் வாசித்தால் நடந்தது தெரியும். அதே ஊருக்கு எழுதிய நிருபத்தையும் சேர்த்து வாசித்தால்தான் பவுலின் மனம் தெரியும். இதற்குத் தெசலோனிக்கேயைப் போல நல்ல உதாரணம் வேறில்லை.

நடபடிகள் 17:1–10இல் பவுலும் அவரோடு பயணம் செய்த சீலாவும் எக்னாத்தியா என்ற ரோம நெடுஞ்சாலை வழியாக அம்பிபோலி, அப்பொலோனியா தாண்டித் தெசலோனிக்கேக்கு வருகிறார்கள். மூன்று ஓய்வுநாள் ஜெப ஆலயத்தில் பேசுகிறார். கலகம், யாசோனிடம் ஜாமீன் வாங்குகிறார்கள், சகோதரர் இராத்திரியிலேயே இருவரையும் பெரோயாவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவ்வளவுதான். லூக்கா அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்.

இப்போது 1 தெசலோனிக்கேயர் 2:17 முதல் 3:10 வரை வாசியுங்கள். பிள்ளைகளைப் பிரிந்த தகப்பன் எழுதுவது போல இருக்கும். ஒருமுறை அல்ல, இரண்டுமுறை வர முயன்றும் தடை. பொறுக்கமுடியாமல், தாம் அத்தேனேயில் தனியே இருந்தாலும் பரவாயில்லை என்று தீமோத்தேயுவை அனுப்பிவிட்டார். தீமோத்தேயு திரும்பிவந்து, அவர்கள் நிலைத்திருக்கிறார்கள், உங்களைப் பார்க்க ஏங்குகிறார்கள் என்று சொன்ன பின்தான் அவருக்கு உயிர் வந்தது. அந்தத் திரும்பிவருதல் நடபடிகள் 18:5இல் ஒரே வரி. அந்த வரிக்குப் பின்னால் இவ்வளவு இருந்தது என்பது நிருபத்தைத் திறக்காதவருக்குத் தெரியாது. போக முடிந்த ஊருக்குப் பவுல் திரும்பிப் போனார். முடியாத ஊருக்கு ஆளை அனுப்பினார், நிருபம் எழுதினார். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம் நம்மிடம் இருப்பது அப்படித்தான்.

பிலிப்பியை முடித்ததும் பிலிப்பியர் நிருபத்தை இரண்டே நாளில் வாசித்துவிடுங்கள். ஆற்றங்கரை ஜெபத்தில் தொடங்கி, தியத்தீராவின் இரத்தாம்பர வியாபாரி லீதியாளும் சிறைச்சாலைக்காரனும் அவன் வீட்டாரும் சேர்ந்த சபை அது. 4:15–16இல் ஒரு விவரம் இருக்கிறது: பவுல் தெசலோனிக்கேயில் இருந்தபோதே பிலிப்பியார் அவருக்கு ஒன்றிரண்டு தரம் உதவி அனுப்பியிருக்கிறார்கள். நேற்றுப் பிறந்த சபை அதற்குள் கொடுக்கத் தொடங்கிவிட்டது. அதைத் தெசலோனிக்கேயின் பக்கத்திலும் எழுதுங்கள்.

கலாத்தியர் நிருபம் முதல் பயணத்தின் ஊர்களுக்கு எழுதப்பட்டதா, அல்லது வடக்கே இருந்த கலாத்தியருக்கா என்பதில் அறிஞர்கள் நெடுநாளாக இரு பக்கமாக நிற்கிறார்கள். முதல் பயணத்தையும் 15ஆம் அதிகாரத்து எருசலேம் சங்கத்தையும் முடித்த கையோடு வாசிக்கும்படி அட்டவணையில் வைத்திருக்கிறேன். சங்கத்திலும் நிருபத்திலும் பிரச்சினை ஒன்றே என்பதால் அங்கே அது நன்றாக உட்காரும்.

லூக்கா கூட இருக்கும் பக்கங்கள்

16:10இல் கதை சொல்லும் விதம் மாறுகிறது. அதுவரை அவர்கள் போனார்கள் என்று எழுதியவர், துரோவாவில் திடீரென்று நாங்கள் புறப்பட்டோம் என்று எழுதுகிறார். பிலிப்பியில் பவுலும் சீலாவும் பிடிபட்ட பின் அந்த நாங்கள் நின்றுபோகிறது. பல வருஷம் கழித்து 20:5–6இல், அதே பிலிப்பியில், மறுபடியும் தொடங்குகிறது. பின் 21:18 வரையிலும், 27, 28ஆம் அதிகாரங்களிலும் வருகிறது. லூக்கா இடைப்பட்ட காலத்தில் பிலிப்பியிலேயே தங்கியிருந்திருக்க வேண்டும் என்று பலர் முடிவுசெய்வது இதனால்தான். பவுல் விட்டுவந்த ஆட்களின் பட்டியலில் லூக்காவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பக்கங்களை ஒரு நிறப் பென்சிலால் ஓரக்கோடு போட்டுப் பாருங்கள். அவற்றில் மட்டும் நாள் கணக்கு துல்லியமாக இருக்கும். துரோவாவிலிருந்து நேராய் ஓடி சாமோத்திராக்கே, மறுநாள் நெயாப்போலி: இரண்டு நாள். திரும்பும்போது அதே கடல், அதே துறைமுகங்களுக்கு இடையில் ஐந்து நாள் (20:6). காற்று எந்தப் பக்கம் என்று லூக்கா சொல்லவில்லை. கப்பலில் இருந்தவர் நாளை மட்டும் எண்ணிவைத்திருக்கிறார். 20:13 தொடங்கி ஆசோ, மித்திலேனே, கீயு, சாமு, மிலேத்து என்று நாளுக்கு ஒரு துறைமுகமாக வருவதை வரைபடத்தில் விரல் வைத்துத் தொடருங்கள். ஆசோவரை பவுல் மட்டும் கரைவழியாகத் தனியே நடந்துபோனார் என்ற சின்னச் செய்தியும் அங்கே இருக்கிறது. ஏன் என்று எழுதப்படவில்லை.

கொரிந்தும் எபேசும்

காலக்கணக்குக்கு நமக்குக் கிடைக்கும் உறுதியான பிடி கொரிந்துவில்தான். 18:12இல் வரும் கல்லியோன், தத்துவஞானி செனெக்காவின் சகோதரர். கிரேக்கத்தின் தெல்பியில் கிடைத்த கல்வெட்டுத் துண்டுகளைக் கொண்டு அவர் அகாயாவின் அதிபதியாக இருந்தது கி.பி. 51–52ஐ ஒட்டிய காலம் என்று கணிக்கிறார்கள். அங்கிருந்து முன்னும் பின்னும் எண்ணித்தான் மற்ற ஆண்டுகள் வருகின்றன. ஆண்டு எழுதும்போது கல்லியோனுக்கு மட்டும் பேனா, மற்றவற்றுக்குப் பென்சில்.

கொரிந்துவின் பக்கத்தில் ஆட்களின் பெயர்களை விடாமல் எழுதுங்கள். கிலவுதியு ராயன் யூதரை ரோமாபுரியிலிருந்து போகச் சொன்னதால் வந்து சேர்ந்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள். ஜெப ஆலயத் தலைவன் கிறிஸ்பு. பக்கத்து வீட்டு யுஸ்து. அடிவாங்கிய சொஸ்தேனே. பிறகு 1 கொரிந்தியர் 1ஆம் அதிகாரத்தில் கிறிஸ்புவும் வருவார். சொஸ்தேனே என்ற பெயரும் வரும், இந்த முறை சகோதரன் என்று. அடிவாங்கியவரே அவர் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கேள்விக்குறியோடு எழுதுங்கள்.

எபேசுவில் முதலில் சில நாள்தான் இருந்தார். இன்னும் இருக்கச் சொன்னபோது, தேவசித்தமானால் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டு, ஆக்கில்லாவையும் பிரிஸ்கில்லாளையும் அங்கே விட்டுப் போனார் (18:19–21). சொன்னபடி வந்தார். வந்து, திறன்னுவின் வித்தியாசாலையில் இரண்டு வருஷம் தினந்தோறும் பேசினார். பவுலின் ஊழியத்தில் மிக அதிகமாகப் பலன் தந்தது பயணமே செய்யாத இந்த வருஷங்கள்தான் என்று நான் நினைக்கிறேன். ஆசியாவில் குடியிருந்தவர்கள் எல்லாரும் வசனத்தைக் கேட்டார்கள் என்று லூக்கா எழுதுவது இங்கேதான்.

எபேசுவோடு 2 கொரிந்தியர் 11:23–27ஐயும் கட்டாயம் வாசியுங்கள். யூதரிடம் ஐந்து தரம் அடி, மூன்று தரம் மிலாறு, ஒரு தரம் கல், மூன்று தரம் கப்பற்சேதம் என்று பவுல் எண்ணுகிறார். நடபடிகளில் மிலாறு அடி பிலிப்பியில் ஒரு தரம்தான். அந்த மூன்று கப்பற்சேதத்தில் ஒன்றுகூட இல்லை, 27ஆம் அதிகாரத்தில் வருவது இதற்குப் பின் நடந்தது. லூக்கா எல்லாவற்றையும் எழுதவில்லை. பயணக் கோட்டை முழுக் கதை என்று எண்ணிவிடாமல் இருக்க இந்த ஐந்து வசனம் காவல்.

ஆறு வாரம்

வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு இருபது நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை விட்டுப்போனதைப் பிடிக்க.

முதல் வாரம்: சிரியாவின் அந்தியோகியா (11:19–30, 13:1–3), சீப்புரு (13:4–12), பிசீதியாவின் அந்தியோகியா இரண்டு நாள் (13:13–41, 13:42–52), இக்கோனியாவும் லீஸ்திராவும் (14:1–18), கல்லெறியும் திரும்பிய வழியும் (14:19–28).

இரண்டாம் வாரம்: எருசலேம் சங்கம் இரண்டு நாள் (15:1–35), கலாத்தியர் நான்கு நாள்.

மூன்றாம் வாரம்: பர்னபாவைப் பிரிந்ததும் தீமோத்தேயு சேர்ந்ததும் (15:36–16:5, 2 தீமோ. 1:1–7), துரோவா (16:6–10), பிலிப்பி இரண்டு நாள், பிலிப்பியர் நிருபம் இரண்டு நாள். பிரிவை வாசிக்கும் நாளில் 2 தீமோத்தேயு 4:11ஐயும் பாருங்கள். யாருக்காகச் சண்டை மூண்டதோ அந்த மாற்குவை, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமானவன், கூட்டிக்கொண்டு வா என்று பவுலே எழுதியிருக்கிறார்.

நான்காம் வாரம்: தெசலோனிக்கேயும் பெரோயாவும் (17:1–15); அத்தேனே; கொரிந்து (18:1–17); 1 தெசலோனிக்கேயர் மூன்று நாள்.

ஐந்தாம் வாரம்: எபேசு மூன்று நாள் (18:18–28, 19:1–20, 19:21–41), 1 கொரிந்தியரில் 1, 8, 15–16 ஆகிய அதிகாரங்கள் மூன்று நாள்.

ஆறாம் வாரம்: 2 கொரிந்தியர் 8, அதே நிருபம் 11:16–33, ரோமர் 15:14 முதல் முடிவுவரை, மக்கெதோனியாவும் துரோவாவும் (20:1–12), மிலேத்து (20:13–38), தீருவிலிருந்து எருசலேம்வரை (21:1–17).

குடும்பமாக வாசிப்பவர்கள் ஆளுக்கு ஒரு ஊர்ப் பக்கத்தைப் பொறுப்பாக எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு லீஸ்திராவையோ பிலிப்பியையோ கொடுங்கள். ஊர்ப்பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று தாண்டிப்போக விடாதீர்கள், இரண்டு தரம் சொல்லவையுங்கள்.

ஆறாம் வாரத்தில் 20:4ஐ வாசிக்கும் நாளில் நோட்டை முதல் பக்கத்திலிருந்து திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏழு பேர் பவுலோடு புறப்படுகிறார்கள். பெரோயாவின் சோபத்தர், தெசலோனிக்கேயின் அரிஸ்தர்க்கும் செக்குந்தும், தெர்பையின் காயு, தீமோத்தேயு, ஆசியாவின் தீகிக்கும் துரோப்பீமும். வெறும் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிப்போகும் வசனம் இது. உங்கள் நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர்ப் பக்கம் ஏற்கெனவே இருக்கும். எருசலேமின் ஏழைகளுக்காகச் சபைகள் சேர்த்த பணத்தைப் பற்றி 1 கொரிந்தியர் 16இலும் 2 கொரிந்தியர் 8இலும் ரோமர் 15இலும் வாசித்திருப்பீர்கள். அந்தக் காணிக்கையோடு சபைகளின் சார்பாகப் போனவர்கள் இவர்கள் என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். பத்துப் பதினொரு வருஷத்துக்கு முன் சீப்புருவுக்குக் கப்பல் ஏறியபோது இவர்களில் ஒருவரும் இல்லை. அந்தந்தப் பக்கத்தின் கீழ்ப் பாதியில் இவர்கள் பெயரை எழுதிவிட்டு மறுநாள் வாசிப்புக்குப் போங்கள்.

21:17இல் எருசலேம் வந்துவிடும். அங்கே நிறுத்தாமல் ஏழாம் வாரமாக 27, 28ஆம் அதிகாரங்களையும் இதே முறையில் வாசித்துவிடுங்கள். எருசலேமில் பிடிபட்ட பின் சங்கிலியோடு போன அந்தக் கடற்பயணத்தின் முடிவில், ரோமாபுரியில் தமக்கென வாடகைக்கு எடுத்த வீட்டில், தம்மிடம் வந்த எல்லாரையும் ஏற்றுக்கொண்டு பவுல் இரண்டு வருஷம் முழுவதும் தங்கியிருந்தார். நடபடிகள் அதோடு முடிகிறது.